பதினேழு மில்லி மனுஷி

அந்தக் கட்டடக்கலைக் கல்லூரியில் முதல்வருக்கே பயப்படாத பிள்ளைகள் ஸ்கேலக்காவுக்குப் பயப்படுவார்கள். கட்டட மாதிரிகள் செய்யும் மாதிரிக்கூடத்தில் அவள் மேசையிலிருந்து கத்தியையோ பசையையோ கேட்காமல் எடுத்தால் போச்சு. இடுப்பில் செருகியிருக்கும் இரும்பு ஸ்கேல் மேசைமேல் டப்பென்று விழும். யார் மேலும் அது பட்டதில்லை. படவேண்டிய அவசியமும் வந்ததில்லை. எடுத்தவன் எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மேசையையும் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போவான்.

அப்படிப்பட்டவளை ஒருவர் பத்தொன்பது வருஷம் ஏமாற்றினார் என்றால் நம்புவீர்களா? ஏமாற்றினார். அவள் பட்ட பாட்டையும், அதற்கு அவள் திருப்பிக் கொடுத்ததையும் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் அவள் செருப்புப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் மொத்தமாக அட்டை வாங்க வந்தார். பென்சில் கோடு போடாமலேயே நாலு மூலையையும் நறுக்கென்று வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். ஒன்றை எடுத்து அளந்தார்; மயிரிழை பிசகில்லை. அடுத்த மாதமே அவளைக் கல்லூரிக்கு இழுத்துக்கொண்டார். அந்த வகையில் அவர் கண் நல்ல கண்தான். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். மற்றதையெல்லாம் சொல்லத்தானே போகிறேன்.

அப்போதே அவருக்குத் தலை பளபளவென்று வழுக்கை. ரோமாபுரியின் பாந்தியன் படத்தை அவள் பார்த்த அன்றே அவருக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் கட்டியது, நாற்பத்து மூன்று மீட்டர் அகலக் குவிமாடம், உள்ளே தாங்க ஒரு தூண் கிடையாது, உச்சியில் வானத்தைப் பார்த்து ஒரு வட்ட ஓட்டை. "நம்ம சாருக்கு அந்த ஓட்டை ஒண்ணுதான் பாக்கி" என்றாள் காவலாளியிடம். காவலாளி வாயில் எது நின்றிருக்கிறது? சாயங்காலத்துக்குள் கல்லூரி முழுக்க அவர் 'குவிமாடம்' ஆகிவிட்டார்.

குவிமாடத்துக்கு ஒரு கனவு. உலகத்தில் மனுஷன் கட்டிய நல்ல கட்டடங்களை, பிரமிடு காலத்திலிருந்து நேற்று முந்தாநாள் வரைக்கும், நூற்றில் ஒரு பங்கு அளவில் ஒரே கூரையின் கீழ் வைக்கவேண்டும். அவர் ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இவள் அறைக்குள்ளேயே உட்கார்ந்து கட்டுவாள். "எல்லாம் முடிஞ்சதும் பலகையில உன் பேர்தாம்மா முதல்ல" என்றார். அவள் வாய்திறந்து கேட்கவில்லை, அவராகச் சொன்னார். இதை மறந்துவிடாதீர்கள்.

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. எந்தக் கட்டடத்தைப் படம் எடுத்தாலும் அதன் முன்னால் தானும் நிற்கவேண்டும். ஒரு கை இடுப்பில், மற்றக் கை வழுக்கையைத் தடவியபடி. வாசலை மறைத்துக்கொண்டு நிற்பார், தூணின் அடியை மறைத்துக்கொண்டு நிற்பார். "சார், எனக்கு வாசல் வேணும் சார், நீங்க வேண்டாம்" என்று கெஞ்சிப் பார்த்தாள். கேட்டால்தானே? கடைசியில் அவரையே அளவுகோலாக எடுத்துக்கொண்டாள். வரைபடம் கிடைக்காத இடங்களில் படத்தில் அவர் எத்தனை மில்லிமீட்டர், பக்கத்துச் சுவர் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துக் கணக்குப் போட்டால் சுவரின் உயரம் வந்துவிடும்.

"உங்க உயரம் என்ன சார்?"

"அஞ்சடி எட்டங்குலம்."

அந்தக் கணக்கில் அவள் செய்த முதல் மாதிரி ஜப்பானின் ஹோரியுஜி மடத்து ஐந்தடுக்கு மரக்கோபுரம். எட்டு மாத வேலை. ஒவ்வொரு அடுக்கும் கீழடுக்கை விடக் கொஞ்சம் உள்ளடங்கி, கூரைகள் மட்டும் இறக்கை விரித்தாற்போல் வெளியே நீட்டி நிற்கும். முடித்த பிறகுதான் சரியான வரைபடம் ஒரு புத்தகத்தில் அகப்பட்டது. அசல் உயரம் முப்பத்திரண்டரை மீட்டர். இவளுடையது முப்பத்து மூன்றரைக்கு நின்றது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. எங்கே தப்பு, எங்கே தப்பு என்று எல்லாக் கணக்கையும் திரும்பப் போட்டாள். கணக்கில் தப்பில்லை. மூன்றாம் நாள், குவிமாடம் கதவு நிலையில் சாய்ந்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்தபோது நிலையில் அவர் தலை எட்டிய இடத்தைக் குறித்துவைத்து, அவர் போனதும் அளந்தாள். ஐந்தடி ஆறங்குலம். அதுவும் தடித்த அடி வைத்த செருப்போடு!

"ஆளே ரெண்டங்குலம் பொய்யி" என்று பல்லைக் கடித்தாள். கோபுரத்தைப் பிரித்து முதலிலிருந்து செய்தாள். அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வரும் எந்த எண்ணையும் அவள் நம்பியதில்லை. ஆனால் பாருங்கள், பலகையில் பெயர் என்ற அந்த ஒரு பேச்சை மட்டும் நம்பித் தொலைத்தாள்.

பத்தொன்பது வருஷம். கிரேக்கரின் பார்த்தினான் கோயிலுக்கு வெளிச்சுற்றில் மட்டும் நாற்பத்தாறு தூண். அந்தத் தூண்கள் பார்க்கத்தான் நேர். உண்மையில் நடுவில் இம்மியளவு பருத்து, உச்சியில் உள்பக்கம் சாய்ந்து நிற்கும். அப்படியே நேராக வைத்தால் மனுஷக் கண்ணுக்கு அது ஒல்லியாகவும் கோணலாகவும் தெரியும் என்று இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் யோசித்திருக்கிறான். அதைப் படித்த அன்று அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாற்பத்தாறையும் உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து வயிறு வைத்தாள். "வெறும் கண்ணுக்குத் தெரியவா போகுது? நேராவே வெட்டி ஒட்டும்மா" என்றார் குவிமாடம். அவள் ஸ்கேலை மேசையில் வைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். பிறகு ஹாகியா சோபியா என்ற பழைய தேவாலயம். அதன் குவிமாடத்தின் அடிச்சுற்றில் நாற்பது ஜன்னல். அவற்றின் வழியாக வெளிச்சம் புகுந்தால் செங்கல் குவிமாடம் கீழே எதையும் தொடாமல் அந்தரத்தில் தொங்குவதுபோல் இருக்குமாம். நாற்பதையும் கீறி, வெளியே விளக்கு வைத்து, அறையை இருட்டாக்கிப் பார்த்தாள். தொங்கியது. தனியாக நின்று சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினாள்.

அந்தக் கைதட்டலுக்கு வீட்டில் ஒரு விலை இருந்தது. அவளுக்கு ஒரே மகள். புருஷன் சரக்கு லாரியோடு பாதி நாள் வெளியூர். மகள் பள்ளி நாடகத்தில் ராணி வேஷம் கட்டிய அன்று, ஹாகியா சோபியாவின் பசை காயும்வரை கையை எடுக்கமுடியாமல் அம்மா மாதிரிக்கூடத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவையா, இரண்டு தடவையா? அதற்கெல்லாம் ஈடாகச் சாப்பாடு ஊட்டும்போது கட்டடங்களையே கதையாகச் சொன்னாள்.

"அந்தக் கோயில் தூண் இருக்கே, அது எவ்ளோ உசரம் தெரியுமா? உங்கப்பா தோள் மேல இன்னொரு அப்பா, அவர் மேல இன்னொரு அப்பா. அப்படி ஆறு அப்பா ஏறி நின்னாத்தான் உச்சி எட்டும்."

"ஆறு அப்பாவா!" என்று மகள் வாயைப் பிளப்பாள். பிளந்த வாயில் ஒரு கவளம் போகும்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாதிரி முழுக்க முடிந்த பிறகு, கடைசி வேலையாக, அதைச் சுற்றி ஆட்களை நிறுத்தவேண்டும். மெல்லிய அட்டையில் வெட்டிய ஆட்கள். நூற்றில் ஒரு பங்கு என்றால் ஓர் ஆள் பதினேழு மில்லி. அவ்வளவுதான், சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. ஆனால் அதை வைக்காதவரை பிரமிடு வெறும் முக்கோண மேடு. வைத்த நிமிஷமே கண் தன்னையறியாமல் அந்த ஆளோடு சேர்ந்து நின்று அண்ணாந்து பார்க்கும். பார்க்க வருகிறவர்கள் கட்டடத்தைத்தான் பார்ப்பார்கள், ஆளைக் கவனிக்கவே மாட்டார்கள். கட்டடத்தைப் பெரிதாகக் காட்டுவதோ ஆள்தான். ஸ்கேலக்கா மொத்தம் இருநூற்றுப் பதினாலு ஆட்களை வெட்டி நிறுத்தினாள்.

ஒருவழியாகக் காட்சிக்கூடம் திறந்தது. பெரிய மனிதர்கள், மாலை, கேமரா. பார்த்தினான் முன்னால் நின்று குவிமாடம் பேசினார். "இந்தத் தூண்களின் நடுப்பகுதியில் ஒரு நுட்பமான பருமன் உண்டு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதை விட்டுக்கொடுக்க என் மனம் ஒப்பவில்லை" என்றார்! ஒப்பவில்லையாம். கூட்டம் கைதட்டியது. பின்வரிசையில் நின்றிருந்த ஸ்கேலக்கா மட்டும் தட்டவில்லை. பேச்சு முடிந்ததும் ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டு போனாள். பித்தளைப் பலகைகள். உருவாக்கம் என்று போட்டு அவர் பெயர், கீழே பட்டங்கள், மூன்று வரி. கீழே மரத்தச்சு ஒப்பந்தக்காரர் பெயர்கூட இருந்தது. இவள் பெயர் எதிலும் இல்லை. பிரமிடின் பலகைக்குப் பின்பக்கம்கூட எட்டிப் பார்த்தாள், பாவம்.

நேரே போய்க் கேட்டாள். "சார், என் பேரு?"

சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அட்டை வெட்டினவங்க, பசை தடவினவங்க பேரையெல்லாம் போட்டா பலகை பத்தாதும்மா. போயி டீ குடி, போ."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்கேல் இடுப்பிலேயே இருந்தது. அதுதான் பயங்கரம் என்று காவலாளிக்கு மட்டும் புரிந்தது. "அக்கா, வீட்டுக்குப் போங்கக்கா" என்றான். "போறேன்டா. யோசிக்கணும்" என்றாள்.

யோசித்தாள். கட்டடங்களில் கைவைக்க மனம் வரவில்லை. ஒரு தூணைக் குறைத்துவிடலாம் என்று கத்தியை எடுத்தாள், கை மறுத்தது. பத்தொன்பது வருஷம் நேராக வெட்டிப் பழகிய கை, அது என்ன செய்யும்? ஆனால் ஆட்கள் இருக்கிறார்களே! கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மாதிரிகளைத் தூசு தட்ட அவளைத் தவிர வேறு யாருக்கும் கைவைக்க அனுமதி கிடையாது. குவிமாடம் பழைய பதவிப் பெயரோடு அடித்த விசிட்டிங் கார்டுகள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. நல்ல உறுதியான அட்டை. அவர் பெயரையே நறுக்கி நறுக்கி இருநூற்றுப் பதினாலு புது ஆட்களை வெட்டினாள். ஒவ்வொருவரும் முப்பது மில்லி. மூன்று திங்கட்கிழமைகளில் பழையவர்களைப் பிடுங்கிப் புதியவர்களை நட்டாள். வாசல், படிக்கட்டு பக்கம் ஒருவரையும் நிறுத்தவில்லை. அங்கே நிறுத்தினால் தலை நிலையில் இடித்துக் குட்டு வெளிப்பட்டுவிடும். திறந்த வெளியில் மட்டும் நிறுத்தினாள்.

ஆள் பெருத்ததும் கட்டடங்கள் சிறுத்தன; கூடத்தின் உயிர் போயிற்று. பார்த்தினான் பேருந்து நிழற்குடை மாதிரி ஆகிவிட்டது. ஹாகியா சோபியா கல்யாண மண்டபம். பாந்தியனுக்குள் நாற்பது பேர் நின்றால் மூச்சு முட்டும்போல் தெரிந்தது. பார்க்க வந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தெரியவில்லை; ஆனால் சப்பென்று இருந்தது. வருகைப் பதிவேட்டில் ஒருவர் எழுதினார்: 'வேலைப்பாடு அருமை. ஆனால் இவையெல்லாம் இன்னும் பெரியவை என்று நினைத்திருந்தேன்.' இன்னொருவர்: 'படத்தில் பார்ப்பதே மேல்.' ஸ்கேலக்கா தினமும் மத்தியானம் டீயோடு வந்து அந்தப் பதிவேட்டைப் படிப்பாள். அப்படி ஒரு ருசியான டீயை அவள் வாழ்நாளில் குடித்ததில்லை.

குவிமாடம் தவித்தார். விளக்கை மாற்றினார். சுவர் நிறத்தை மாற்றினார். நாடா எடுத்துவந்து ஒவ்வொரு கட்டடத்தையும் அளந்தார், எல்லாம் கச்சிதம். ஆளை அளக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு எப்போது ஆள் கண்ணில் பட்டிருக்கிறது?

"என்னவோ குறையுதும்மா. என்னன்னு புரியல" என்றார்.

"உங்களுக்கே புரியலைன்னா அட்டை வெட்டுறவளுக்கு என்ன சார் புரியும்?" என்றாள் முகத்தைப் பச்சைப்பிள்ளை போல் வைத்துக்கொண்டு.

அந்தச் சமயத்தில் அவருக்குப் பெரிய விஷயம் ஒன்று தொங்கலில் இருந்தது. கூடத்துக்கு அவர் பெயரையே சூட்டலாமா என்று முடிவுசெய்ய ஐந்து பேர் குழு வந்தது. தலைவி, பாலங்கள் கட்டிப் பேர்பெற்ற வயதான பொறியாளர் அம்மாள். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ம்... இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றோமே" என்று கிளம்பிவிட்டார். குவிமாடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்கேலக்கா அன்று வீட்டுக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வேறு ஊரில் மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. திறப்புவிழாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. "இன்னைக்குக் கூடத்தைக் காட்டும்மா. சின்ன வயசுல இருந்து கதையாவே கேட்டுட்டு இருக்கேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேலக்காவுக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. மகள் நேரே பார்த்தினானுக்குப் போனாள். குனிந்து பார்த்தாள். கூடத்தில் பார்வையாளர்களுக்கென்று சங்கிலியில் கட்டித் தொங்கவிட்ட பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடி பார்த்தாள். ஆட்காட்டி விரலைத் தூணுக்கு நேராக வைத்து, ஓர் ஆள், இரண்டு ஆள் என்று மேலே ஏற்றிக்கொண்டே போனாள்.

"மூணரைதாம்மா வருது" என்றாள்.

"என்னடி?"

"ஆறு அப்பான்னு சொன்னியே. மூணரை அப்பாதான் வருது." மகள் சிரிக்கப் பார்த்தாள்; முடியவில்லை. "சும்மா என்னை ஏமாத்தத்தான் சொன்னியா? இவ்ளோதானா இது? இதுக்காகத்தான் என் நாடகத்துக்கு வரலியா நீ?"

ஸ்கேலக்காவுக்குத் தலையில் இடி விழுந்தாற்போல் ஆயிற்று. இரண்டங்குலம் பொய் சொன்னவரைப் பத்தொன்பது வருஷம் கறுவிக்கொண்டிருந்தவள், பெற்ற பெண்ணின் கண்ணெதிரே பாதிக்குப் பாதி பொய்க்காரியாக நின்றாள். மகளை வெளியே மரத்தடி பெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு போய், பலகையிலிருந்து விசிட்டிங் கார்டுவரை எல்லாவற்றையும் கொட்டினாள். சொல்லும்போதே அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. எது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

மகள் அம்மாவுக்குத் தப்பாத மகள். முழுக்கக் கேட்டாள். அந்த டீ பேச்சு வந்த இடத்தில் அவள் மூக்கும் சிவந்தது.

"நல்லா செஞ்சே. ஆனா அந்தாள் மேல இருக்கிற கோவத்துக்கு அந்தக் கோயில் என்னம்மா பண்ணுச்சு? எனக்குன்னு இருந்த அம்மாவைப் பாதி அது எடுத்துக்கிச்சு. அதுவாவது பெருசா இருக்கட்டும்னு நெனச்சேன். அதையும் கொறச்சிட்டியே."

"திருப்பி வெச்சா குழு பாத்து அசந்துடும்டி. கூடத்துக்கே அவன் பேரு வெச்சிடுவாங்க. அப்புறம் நான் மண்ணுல தலையை முட்டிக்கணும்."

"அது எனக்குத் தெரியாது. ஆறு அப்பா வரணும். பழி வாங்கணும்னா அந்தாள்கிட்ட வாங்கு, கட்டடத்துக்கிட்ட வாங்காதே."

மகள் சாயங்காலப் பேருந்தில் போய்விட்டாள். மூன்றாம் நாள் காலையில் ஸ்கேலக்கா, புருஷன் தாடியை மழித்துக்கொண்டிருந்த கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, "கொஞ்சம் தள்ளுங்க" என்று அவரைத் தள்ளிவிட்டுத் தன்னையே மேலும் கீழும் பார்த்தாள். ஒற்றைப் பின்னல். குட்டையான உருவம். இடுப்பில் ஸ்கேல். "என்ன அலங்காரமா?" என்றார் புருஷன் பாதி நுரையோடு. "அளவு எடுக்கிறேன்" என்றாள்.

பிறகு ஏழு திங்கட்கிழமை. இருநூற்றுப் பதின்மூன்று ஆட்களை மறுபடி வெட்டினாள். ஒவ்வொருவரும் சொல்லி வைத்தாற்போல் பதினேழு மில்லி. தன் சொந்த உயரத்துக்கு வெட்டினால் பதினைந்துதான் வரும். கட்டடங்களுக்காக இரண்டு மில்லி கூட்டிக்கொண்டாள். பொய்தான். ஆனால் இது வழக்கமான ஆள் அளவு, யாரையும் ஏமாற்றாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒவ்வொருத்திக்கும் ஒற்றைப் பின்னல். பூதக்கண்ணாடி வைத்து, ஒற்றை மயிர் தூரிகையால் இடுப்பில் வெள்ளிக்கோடாக ஸ்கேல். பிரமிடின் அடியில் அவள் நின்றாள். போரோபுதூர் புத்தக் கோயிலின் எழுபத்திரண்டு சல்லடைக் கல் ஸ்தூபிகளுக்கு நடுவே அவள் உலாத்தினாள். ஹோரியுஜி வாசலில் அவள் எட்டிப் பார்த்தாள். தான் ஒருநாளும் போகமுடியாத ஊரிலெல்லாம் தானே போய் நின்றுகொண்டாள்.

இருநூற்றுப் பதினாலாவது ஆளை வெட்ட ஒரு முழு நாள் பிடித்தது. அதை பார்த்தினானுக்கு நேர் முன்னால், பழைய படத்தில் குவிமாடம் நின்ற அதே இடத்தில் நட்டாள்.

குழு மறுபடி வந்த அன்று மகளும் வந்திருந்தாள். குவிமாடம் புதுக் கோட்டுப் போட்டிருந்தார். கூடத்துக்குள் நுழைந்ததும் பொறியாளர் அம்மாள் பேச்சை நிறுத்தினார். பிரமிடை அண்ணாந்து பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, அது அவர் மூக்கு உயரம்தான், ஆனாலும் அண்ணாந்தார். ஹாகியா சோபியாவின் நாற்பது ஜன்னலுக்கு முன்னால் கைகட்டி நின்றார். "போன தடவை இதெல்லாம் எங்க போயிருந்துச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். குவிமாடத்துக்கும் விளங்கவில்லை, ஆனாலும் விடுவாரா? "கொஞ்சம் விளக்கைச் சரிபண்ணினேன்" என்றார். ஒரு மூலையில் தூரிகையோடு நின்றிருந்த ஸ்கேலக்கா அதைக் கேட்டாள். மகள் பார்த்தினான் பக்கம் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்து அம்மாவைப் பார்த்து ஆறு விரலைத் தூக்கிக் காட்டினாள். அந்த ஒரு நிமிஷம் ஸ்கேலக்காவுக்கு யார் மேலும் கோபம் இல்லை. ஒரு நிமிஷம்தான்.

பொறியாளர் அம்மாள் பூதக்கண்ணாடியை எடுத்தார். பாலம் கட்டுகிறவர் அல்லவா, பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்த்துத்தான் பழக்கம். கண் கட்டடம் கட்டடமாகக் கீழே நின்ற ஆட்கள்மேல் போயிற்று. "இந்த அம்மா யாரு?" என்றார்.

"எந்த அம்மா?" என்றார் குவிமாடம்.

"இதோ, பின்னல் போட்டு, இடுப்புல என்னவோ செருகிட்டு. பாந்தியன்லயும் இவங்கதான் நின்னாங்க. பிரமிடுலயும் இவங்கதான். எல்லாமே ஒரே ஆளு!"

ஐந்து பேரும் குனிந்தார்கள். நிமிர்ந்தபோது ஒவ்வொருவராகத் திரும்பி மூலையைப் பார்த்தார்கள். ஒற்றைப் பின்னல். இடுப்பில் ஸ்கேல். மறைக்க என்ன இருக்கிறது?

"நீங்களாம்மா இதையெல்லாம் செஞ்சது?"

"ஆமாங்க. பத்தொன்பது வருஷம்."

"பலகையில பேரு காணோமே?"

"பலகை பத்தலைன்னு சார் சொன்னாருங்க. அதான் இடம் இருந்த எடத்துல நின்னுக்கிட்டேன்."

பொறியாளர் அம்மாள் குவிமாடத்தைப் பார்க்காமல் பூதக்கண்ணாடியை மறுபடி பார்த்தினான் கோயில்மேல் கொண்டுபோனார். சட்டென்று புருவம் சுருங்கியது.

"இது மட்டும் என்ன? முன்னால ஒருத்தர் நிக்கிறார். உங்க முழங்கால் உயரம்கூட இல்லையே. அளவு தப்பிப்போச்சா?"

"தப்பல மேடம்" என்றாள் ஸ்கேலக்கா. "அஞ்சு மில்லி. நாலு தடவை அளந்துதான் வெட்டினேன்."

மற்ற நால்வரும் முண்டியடித்துக்கொண்டு குனிந்தார்கள். ஐந்து மில்லி ஆள். ஒரு கை இடுப்பில், மற்றக் கை தலைக்கு மேல். தலையில் ஒரு புள்ளி வெள்ளை வண்ணம் பளபளவென்று. யார் என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. சுற்றிலும் நின்ற பதினேழு மில்லி ஸ்கேலக்காக்களின் முழங்காலுக்குக் கீழே அந்த ஆள் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"யாரும்மா இவர்?"

ஸ்கேலக்கா பதில் சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. என்ன நடக்கிறது என்று புரியாமல் வியர்த்துப்போய் நின்ற குவிமாடம், பதற்றம் வந்தால் எப்போதும் செய்வதையே செய்தார். ஒரு கையை இடுப்பில் வைத்தார். மற்றக் கையால் வழுக்கையைத் தடவினார். ஐந்து பேரும் பொம்மையைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். வாசலில் நின்ற காவலாளிதான் முதலில் சிரித்தான்.